உப்பளக் கரையும் தொழிற்கல்வியின் விலையும்

ஒரு சமுதாயம் தன் வரலாற்றை எழுத முற்படும்போது, தான் பெற்ற உரிமைகளை முதலில் வரிசைப்படுத்துகின்றது. அவ்வுரிமைகளைப் பெறவும், பெற்றபின் அவற்றைக் கையாளவும் தான் கொடுத்த விலையைப் பெரும்பாலும் எழுத மறந்துவிடுகின்றது. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், மறந்த அந்தப் பக்கத்தை எழுதுவது பொருத்தமென்று கருதுகின்றோம். தொழிற்பயிற்சி நிலையத்திலோ பல்தொழில்நுட்பக் கல்லூரியிலோ சேர்ந்து படிக்க நம் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன செலவாகின்றது? அச்செலவை முன்னாளில் யார் ஏற்றனர்? இன்று யார் ஏற்கின்றனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உப்பும் உழைப்பும்

மரக்காணம் பழமை வாய்ந்த ஊர். சங்க இலக்கியமாகிய சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கருத்து. தூத்துக்குடி, வேதாரணியம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் பெரிய உப்பளப் பகுதியும் இதுவே. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1805ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் உப்பைத் தம் தனியுரிமையாக்கிக் கொண்டனர். அன்றுமுதல் இக்கரையில் விளைந்த உப்பு அரசின் கருவூலத்தை நிரப்பிற்று. கொடிய பஞ்சம் நிலவிய 1877-78ஆம் ஆண்டுகளில், பஞ்ச நிவாரண வேலையாகப் பக்கிங்காம் கால்வாயின் பகுதிகள் வெட்டி இணைக்கப்பட்டன. அக்கால்வாயின் தென்கோடி மரக்காணமே. அதன் வழியே படகுகளில் உப்பு வடக்கே சென்றது. கால்வாயை வெட்டிய கைகளும், உப்பை வாரிய கைகளும், மூட்டையைச் சுமந்த தோள்களும் ஏழை எளியோருடையவை. 1930ஆம் ஆண்டில் உப்புச் சட்டத்தை எதிர்த்து நாடே கிளர்ந்தெழுந்தது. உப்பு வரி 1947ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நீங்கிற்று. வரி நீங்கியதே ஒழிய, பாத்தியில் நிற்பவனின் கால் புண் நீங்கவில்லை.

உப்புத் தொழிலின் இயல்பை நாம் அறிவோம். ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீர்செய்து, மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீர் பாய்ச்சுவர். கோடை முழுதும் உப்பு வாரி அம்பாரமாகக் குவிப்பர். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்தி நீரில் மூழ்கும்; கூலியும் நின்றுவிடும். ஆக, ஆண்டில் ஏறத்தாழ எட்டு மாதம் ஈட்டுவதைக் கொண்டே பன்னிரண்டு மாதமும் அடுப்பெரிய வேண்டும். கல்விச் செலவைப் பற்றிப் பேசுவோர் இந்த எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்தல் வேண்டும்.

கதவு திறந்த வரலாறு

தொழிற்கல்வி இந்நாட்டுக்குப் புதியதன்று. 1850ஆம் ஆண்டில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொழிற்கலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஆனால் உப்பளக் கூலியின் மகன் சென்னை சென்று தங்கிப் படிப்பது அந்நாளில் எண்ணிப் பார்க்கவும் இயலாத ஒன்று. எழுத்தறிவே மறுக்கப்பட்டவனுக்குத் தொழிலறிவு எங்ஙனம் கிட்டும்?

செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்கீர் 1891ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலைமையைக் குறித்து அரசுக்கு விரிவானதோர் அறிக்கை அளித்தார். நிலமின்மையும் கடன் அடிமைத்தனமும் கல்வியின்மையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டிற்று. அடுத்த ஆண்டில் பஞ்சமி நில ஆணையும், 1893இல் நம் பிள்ளைகளின் கல்வியைக் குறித்த அரசாணையும் பிறந்தன. கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டில் அடையாற்றையொட்டிப் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். நம் கரைக்கு அண்மையிலுள்ள மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டில் இதழ் நடத்தி நம் குறைகளை நாடறியச் செய்தார். பண்டிதர் அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டில் தொடங்கிய இதழின் வாயிலாக அறிவுப் புரட்சிக்கு வித்திட்டார். 1920ஆம் ஆண்டையொட்டித் தொழிலாளர் நலத் துறையின் பொறுப்பில் நம் மக்களுக்கெனப் பள்ளிகள் நடத்தப்பட்டன. 'லேபர் ஸ்கூல்' என்று நம் முதியோர் இன்றும் நினைவுகூர்வது அவற்றையே.

நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திற்குத் தனிப் பெருமை சேர்த்தவர் சுவாமி சகஜானந்தர். 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் அவர் தொடங்கிய நந்தனார் பள்ளி பின்னர் விடுதியோடு வளர்ந்தது. அப்பெரியார் கண்ட உண்மை எளியது: பள்ளிக் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் ஏழைப் பிள்ளை உள்ளே வந்துவிட மாட்டான். அவனுக்குச் சோறும் படுக்க இடமும் வேண்டும். கட்டணத்தை நீக்குவது பாதிக் கல்வி. வயிற்றையும் உறைவிடத்தையும் பார்த்துக்கொள்வது மறு பாதி. இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவதெல்லாம் இதன் விரிவுரையே.

குலத்தொழிலும் கற்ற தொழிலும்

தொழில் கற்பதென்றாலே அது நன்மையாகிவிடாது; எந்தத் தொழிலை, யார் தெரிவு செய்து கற்பது என்பதைப் பொறுத்தது அது. 1953ஆம் ஆண்டில் இராசாசி அமைச்சரவை கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, சிற்றூர்ப் பள்ளிகளில் பாடநேரம் நாளொன்றுக்கு 3 மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டுமென்று கூறப்பட்டது. மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். அத்திட்டம் நிலைத்திருந்தால், உப்பளத்துப் பிள்ளை காலையில் எழுத்தும் மாலையில் உப்பும் என்று வளர்ந்து, முடிவில் உப்பையே வாரிக்கொண்டிருப்பான். அதில் செலவு ஒன்றுமில்லை, உண்மைதான். முன்னேற்றமும் ஒன்றுமில்லை. 1954ஆம் ஆண்டில் முதலமைச்சர் பொறுப்பேற்ற காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். 1956ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பசியும் கல்விச் செலவின் ஒரு கூறு என்பதை அரசே ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி அது.

அண்ணல் காட்டிய வழி

கல்விக்கு ஆகும் செலவின் கொடுமையை அண்ணல் அம்பேத்கரைவிட அறிந்தவர் எவர்? பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையால் 1913ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனில் படித்துக்கொண்டிருக்கையில் உதவிக்காலம் முடிந்தது. 1917ஆம் ஆண்டில் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுத் தாயகம் திரும்பினார். உழைத்துச் சேமித்தும், கோலாப்பூர் மன்னரின் உதவியும் நண்பரின் கடனும் பெற்றும், 1920ஆம் ஆண்டில் மீண்டும் சென்று அப்படிப்பை முடித்தார். உதவித்தொகை உரிய காலத்தில் நின்றுபோனால் எத்துணைப் பேரறிவாளனும் தடைபட்டு நிற்பான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அந்தப் பட்டறிவோடுதான் அவர் 1942ஆம் ஆண்டில் வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபரில் தாழ்த்தப்பட்டோரின் குறைகளைத் தொகுத்து வைசிராயிடம் அளித்த விண்ணப்பத்தில், அறிவியல், தொழில்நுட்பம் ஆகியவற்றைப் பயில உதவித்தொகை கேட்டார். அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர் தொழில் பழக இடம் வேண்டுமென்றும் கேட்டார். 1944ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்டோருக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை நடைமுறைக்கு வந்தது. இன்று நம் பிள்ளை கையொப்பமிடும் உதவித்தொகைப் படிவத்தின் மூலவேர் அங்கே இருக்கின்றது.

விடுதலைக்குப் பின் 1950ஆம் ஆண்டில் நடுவணரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்படி அமைந்தவையே தொழிற்பயிற்சி நிலையங்கள். 1956ஆம் ஆண்டில் அவற்றின் அன்றாட நிருவாகம் மாநிலங்களிடம் வந்தது. 1961ஆம் ஆண்டில் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. பெரம்பூரில் 1955ஆம் ஆண்டில் இரயில் பெட்டித் தொழிற்சாலையும், நம் மாவட்டத்து நெய்வேலியில் 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனமும் எழுந்தன. ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீசியன் என்னும் சொற்கள் நம் தெருக்களில் வழங்கத் தொடங்கிய காலம் அது. சாதிப் பெயரால் அழைக்கப்பட்டவனைத் தொழிற்பெயரால் அழைக்கச் செய்தது இரண்டாண்டுப் பயிற்சி. இச்சிறப்பைப் பணத்தால் அளக்க இயலாது.

கண்ணுக்குத் தெரியாத கணக்கு

இனி இன்றைய நிலைக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டை, சீருடை, மிதிவண்டி முதலிய உதவிகள் அறிவிக்கப்பட்டுள்ளன. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு 2022ஆம் ஆண்டில் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024ஆம் ஆண்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்னும் அளவில் தொடங்கப்பட்டன. தொழிற்பயிற்சியும் பட்டயப் படிப்பும் அவற்றில் அடங்கும். தனியார் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கட்டணத்தை அரசே ஏற்க வகைசெய்யும் ஆணை 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையில் நடுவணரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்பதென 2020ஆம் ஆண்டு இறுதியில் முடிவாயிற்று.

"எல்லாம் இலவசமாயிற்றே! இன்னும் என்ன செலவு?" என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு விடை கூறுவோம்.

2021ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, தொழிற்பயிற்சி, பட்டயப் படிப்பு ஆகியவற்றில் வீட்டிலிருந்து சென்று படிக்கும் மாணவருக்குரிய கல்விப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாய்; விடுதி மாணவருக்கு 4,000 ரூபாய். 2,500 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 208 ரூபாய். ஒரு நாளைக்கு ஏழு ரூபாயும் தேறாது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023ஆம் ஆண்டில் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவ்வாறு உயர்ந்தும் நாளொன்றுக்கு 50 ரூபாய்தான். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். விழுப்புரம் அதைப்போல் இருமடங்குத் தொலைவு. அரசுப் பேருந்துக்குப் பயண அட்டை உண்டு. அப்பேருந்து தவறினால் தனியார் பேருந்துக்குப் பணம் வேண்டும். பட்டறைக்குக் காலணி, வரைபடக் கருவிகள், பதிவேடு, தேர்வுக் கட்டணம், சான்றிதழ் நகல், நண்பகல் உணவு என்று சில்லறையாய்ச் சேர்பவை சிறுதுளி பெருவெள்ளமாகின்றன.

இவை அனைத்தினும் பெரிய செலவு ஒன்று உண்டு. அதற்கு எவரும் இரசீது கொடுப்பதில்லை. பதினெட்டு வயது நிறைந்த மகன் படிக்கச் சென்றால் அவன் ஈட்டியிருக்கக்கூடிய கூலி வீட்டுக்கு வராது. இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாட்கூலி 400 ரூபாய், மாதம் 20 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8,000 ரூபாய். எட்டு மாதப் பருவத்திற்கு 64,000 ரூபாய். இரண்டாண்டுக்கு 1,28,000 ரூபாய். மறுபுறம், 750 ரூபாயும் 1,000 ரூபாயும் மாதந்தவறாமல் வருமானால் இரண்டாண்டில் கிடைப்பது 42,000 ரூபாய். இடைவெளி 86,000 ரூபாய். கட்டணமே இல்லாத படிப்பின் விலை இது! இதனைத் தாங்குவது அரசன்று, கல்லூரியன்று; பாத்தியில் நிற்கும் தாயும் தந்தையும்.

பிள்ளை படிப்பை நிறுத்தினால், பெற்றோர்க்கு அக்கறையில்லை என்று கூறுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. நாற்றங்கால் காய்வதைக் கண்டு நாற்றைக் குறைகூறுவது போன்றது அது. உப்புப் பருவம் உச்சத்தில் இருக்கும் கோடையில்தான் சேர்க்கை நடைபெறுகின்றது. கூலி நின்றுபோகும் மழை மாதங்களில்தான் உதவித்தொகையும் இன்னும் வந்து சேராமல் இருக்கின்றது. கையில் காசில்லாத அந்த மூன்று மாதமே பல பிள்ளைகளின் படிப்பை விழுங்குகின்றது. பள்ளியாசிரியர் பணியில் முப்பதாண்டுக்கு மேல் இக்கரைப் பிள்ளைகளோடு பழகிய நாம் கண்டறிந்த உண்மை இது. முதலாண்டின் இடையில் நின்றவர்களுள் பலர் மதிப்பெண்ணில் பின்தங்கியவர் அல்லர்.

பாதியில் நிற்பதே மிகப் பெரிய நட்டம்

மேற்கண்ட கணக்கையே தொடர்வோம். முதலாண்டோடு ஒருவன் நின்றுவிட்டால் குடும்பம் இழந்தது 43,000 ரூபாய். கையில் சான்றிதழ் இல்லை. இரண்டாண்டும் முடித்தால் இழப்பு 86,000 ரூபாய். கையில் தேசியத் தொழிற்சான்றிதழ் இருக்கும். உப்பளக் கூலியைவிட மாதம் 5,000 ரூபாய் கூடுதலாக ஈட்டினாலும், ஒன்றரை ஆண்டுக்குள் இழந்ததனைத்தும் மீளும். அதற்குப் பின்வரும் முப்பது ஆண்டும் ஆதாயமே. மழை வந்தாலும் அவன் வேலை நிற்பதில்லை என்பதையும் சேர்த்து எண்ணுக. தொழில் பழகுநராகச் சேர்வோர்க்கு 2019ஆம் ஆண்டு விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையை வகுத்தன. தொழிற்சான்றிதழ் பெற்றோர்க்கு அது மாதம் 7,000 ரூபாய். ஆதலின், சேருவதற்கு முன்னரே முடிப்பதற்கான வழியை வகுத்துக்கொள்ளல் வேண்டும். அரைகுறைக் கல்வி மலிவானதன்று. அதுவே விலை மிகுந்தது.

இளைஞர்க்குச் சில சொற்கள்

தொழிற்கல்வியில் சேர விழையும் தம்பியரும் தங்கையரும் பின்வருவனவற்றை மனங்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

முதலாவது, அரசு நிலையத்தை முதலில் நாடுக. தனியார் நிலையத்தில் சேர நேர்ந்தால், அந்நிலையத்திற்கும் அத்தொழிற்பிரிவிற்கும் அரசின் ஏற்பு உண்டா என்று உறுதி செய்துகொள்க. ஏற்பில்லாச் சான்றிதழ் வெறுந்தாள்.

இரண்டாவது, நிருவாக ஒதுக்கீட்டு இடத்தை எச்சரிக்கையோடு அணுகுக. அவ்விடங்களில் சேர்வோருக்குக் கட்டண உதவி இல்லையென்று மாநில அரசு 2017ஆம் ஆண்டிலும், நடுவணரசு 2018ஆம் ஆண்டிலும் வரையறுத்தன. கலந்தாய்வில் கிடைக்கும் இடத்தை விட்டு, இடைத்தரகர் சொல்லைக் கேட்டு நிருவாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முழுச் சுமையும் நம் தலைமேல் விழும்.

மூன்றாவது, சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கோடை தொடங்குமுன் ஆயத்தம் செய்க. வருமான வரம்பு ஆண்டுக்கு 2,50,000 ரூபாய் என்பது 2021ஆம் ஆண்டு நெறிமுறை. ஒரு சான்று தாமதமானால் ஓராண்டு உதவித்தொகையே தாமதமாகும்.

நான்காவது, கட்டணப் பாக்கியைக் காட்டி அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் உரிமை கல்லூரிக்கு இல்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இதனைப் பன்முறை அறிவுறுத்தியுள்ளது. அஞ்சாது எழுத்து மூலம் கேளுங்கள். தனியே கேட்க அஞ்சினால் சங்கத்தோடு சென்று கேளுங்கள்.

ஐந்தாவது, வீட்டாரோடு அமர்ந்து இரண்டாண்டுக் கணக்கை எழுதுங்கள். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, மழை மாதங்களை எப்படிக் கடப்பது என்பதைத் தாளில் எழுதிப் பாருங்கள். அம்மாவின் உழைப்பையும் அதில் ஒரு வரியாக எழுதுங்கள். தன் படிப்புக்கு யார் விலை கொடுக்கின்றார் என்பதை அறிந்த பிள்ளை பாதியில் எளிதில் நிற்க மாட்டான்.

சங்கத்தின் முன்னுள்ள கடமை

அரசின் உதவி இல்லை என்று நாம் கூறவில்லை. போராடிப் பெற்ற உதவி அது. அதனை முழுமையாகப் பெறுதலும், அது போதாதென்று உரக்கக் கூறுதலும் நம் உரிமை. நாளைக்கு ஏழு ரூபாய் என்னும் கல்விப்படியை உயர்த்துமாறு நம் பேராளர் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வாதாட வேண்டும். ஆயினும் ஆணை வரும்வரை அடுப்பு காத்திராது.

ஆகவே, நம் சங்கம் தன் அடுத்த இருபத்தைந்து ஆண்டுக்கான முதற்பணியாக மழைக்கால நிதி ஒன்றை நிறுவ வேண்டுமென்று முன்மொழிகின்றோம். ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மூன்று மாதங்களுக்கு, தொழிற்கல்வி பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பேருந்துச் செலவும் நண்பகல் உணவும் தாங்கும் அளவுக்கு அந்நிதி இருந்தால் போதும். மாதம் 1,500 ரூபாய் என்று கொண்டால் ஒரு மாணவனுக்கு ஆண்டுக்கு 4,500 ரூபாய். பணியிலிருக்கும் உறுப்பினர் பதின்மர் மாதம் 100 ரூபாய் அளித்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் சேரும்; இரண்டு பிள்ளைகளின் படிப்பு நடுவில் நில்லாது காக்கப்பட்டு, 3,000 ரூபாய் மிச்சமும் இருக்கும். உதவி பெற்றுப் படித்தோர் வேலைக்குச் சென்றபின் தம்மைப் போன்ற ஒருவருக்கு அதனைத் திருப்பி அளித்தால் நிதி வற்றாது.

சுவாமி சகஜானந்தர் காலத்தில் நம்மிடம் ஆணையும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. விடுதி நடத்தும் நெஞ்சுரம் மட்டும் இருந்தது. இன்று ஆணையும் உண்டு, உதவித்தொகையும் உண்டு. அந்த நெஞ்சுரத்தையும் அவற்றோடு சேர்த்துக்கொள்வோமாக. வரும் மழைக்காலத்தில் இக்கரையிலிருந்து தொழில் பயிலச் சென்ற ஒரு பிள்ளையும் பேருந்துக்குக் காசின்றி வீடு திரும்பாதிருப்பானாகில், அதுவே இவ்வெள்ளி விழாவின் மெய்யான பயன் எனக் கொள்வோம்.